கம்ப்ளேசன்சி: எங்கே போடலாம், எங்கே போடக் கூடாது

தருமபுரியில் மாலை நேரத்தில் ஆங்கில டியூஷன் எடுக்கிறேன். பிள்ளைகள் அடிக்கடி தப்பான இடத்தில் போடும் சொல் கம்ப்ளேசன்சி. "சோம்பேறித்தனம்தானே சார்?" என்பார்கள். இல்லவே இல்லை.

இதை நான் தொப்பூர் கணவாயை வைத்துத்தான் புரியவைப்பேன். எங்கள் ஊரில் இருந்து சேலம் பக்கம் போனால் இறக்கம். புதிதாக வரும் லாரி ஓட்டுநர், ஏறும்போது போடும் கியரிலேயே பயந்து பயந்து இறக்குவார். வேகத்தை எஞ்சினே பிடித்து வைத்துக்கொள்ளும். பல வருஷம் இறங்கிப் பழகியவருக்கு ஒரு நாள், 'நமக்குத் தெரியாத ரோடா?' என்று தோன்றும். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுவார். அப்புறம் மொத்தப் பாரமும் பிரேக்கின் மேல். மிதிக்க மிதிக்க டிரம் சூடேறும், லைனிங் தீய்ந்த வாடை வரும், ஒரு கட்டத்தில் மிதித்தாலும் பிடிக்காது.

இவரைச் சோம்பேறி என்று சொல்ல முடியுமா? ராத்திரியெல்லாம் கண்விழித்து ஓட்டுகிறவர். இத்தனை நாள் ஒன்றும் ஆகவில்லை என்ற நிறைவு, அந்த நிறைவு மறைத்துவிட்ட ஆபத்து, இரண்டும் சேர்ந்தால்தான் கம்ப்ளேசன்சி. லத்தீன் மூலத்திலும் மகிழ்விப்பது என்ற பொருள்தான் இருக்கிறது. சொல்லைப் போடும் முன் இந்த இரண்டும் இருக்கிறதா என்று பாருங்கள்.

தமிழில் 'மெத்தனம்' நன்றாகப் பொருந்தும். பேச்சில் 'மிதப்பு' என்போமே, அதுவும் சரி. 'அலட்சியம்' கொஞ்சம் வேறு. ஹெல்மெட்டைக் கண்ணாடியில் மாட்டிக்கொண்டு போகிறவனுக்கு ஆபத்து தெரியும், தெரிந்தே விடுகிறான். 'மனநிறைவு' என்று மட்டும் எழுதாதீர்கள், அது நல்ல குணம்.

உச்சரிக்கும்போது 'ப்ளே'யில் அழுத்தம் கொடுங்கள். முன்னால் 'எ' வேண்டாம், பன்மையும் வேண்டாம். ஆளைப் பற்றிச் சொன்னால் கம்ப்ளேசன்ட். எதைப் பற்றி என்றால் கூடவே 'அபவுட்'.

போன வாரம் ஒரு பையன், "மை பிரதர் இஸ் கம்ப்ளேசன்ட், ஹி ஸ்லீப்ஸ் டில் டென்" என்று எழுதியிருந்தான். அடித்துவிட்டு 'லேசி' என்று திருத்தினேன். பக்கத்தில் இருந்த பெண், போன வருஷம் மாங்காய் நன்றாகப் பிடித்ததால் அப்பா இந்த வருஷம் பூவில் தத்துப்பூச்சி இருக்கிறதா என்று பார்க்கவே இல்லை, அவர் கம்ப்ளேசன்ட் ஆகிவிட்டார் என்று எழுதியிருந்தாள். பெரிதாக ஒரு டிக் போட்டுக் கொடுத்தேன்.