ஹாலோவீனுக்கு என்ன வேடம் போடுவது? முடிவெடுப்பது எப்படி

பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் பக்கமிருந்து வேலைக்காக சென்னை, பெங்களூரு போயிருக்கும் பிள்ளைகளுக்கு அக்டோபர் 31 நெருங்கினால் ஒரு குழப்பம் வந்துவிடுகிறது. ஆபீஸில் ஹாலோவீன், எல்லாரும் வேடம் போட்டு வரணும் என்று குரூப்பில் போட்டுவிடுகிறார்கள். போன வருடம் என் அக்கா மகள் ஆன்லைனில் பார்த்த ஒரு நர்ஸ் உடையை எனக்கு அனுப்பி, "சித்தி, இது ரொம்பக் குட்டையா இருக்கா?" என்று கேட்டாள். அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில், குட்டையா நீளமா என்ற கேள்வியை ஓரமாக வையுங்கள். அதே வேடம் ஆணுக்கு எப்படி விற்கிறது என்று தேடிப் பாருங்கள். தீயணைப்பு வீரர் வேடம் என்றால் பெரும்பாலும் ஆணுக்குக் கோட்டும் பேண்ட்டும், பெண்ணுக்கு அதே பெயரில் தொடை தெரியும் பாவாடை. பெண்ணியம் பேசுகிறவர்களில் ஒரு சாரார் இதைத்தான் கேட்கிறார்கள்: எந்த வேலை பார்ப்பவளாக வந்தாலும் பெண்ணைப் பார்வைக்கு வைக்கிற பொருளாகவே ஏன் விற்கிறீர்கள்? இன்னொரு சாரார், வருடத்தில் ஒரு ராத்திரி எனக்குப் பிடித்தபடி உடுத்துகிறேன், அதை வைத்து என்னை எடைபோடாதே என்கிறார்கள். 2011இல் கனடாவின் டொராண்டோவில் ஒரு போலீஸ்காரர், பாலியல் வன்முறைக்கு ஆளாகாமல் இருக்கப் பெண்கள் தங்கள் உடையைக் கவனிக்க வேண்டும் என்கிற மாதிரி மாணவர்களிடம் பேசிவிட, பெண்கள் கூட்டமாகத் தெருவில் இறங்கினார்கள். எனக்கு இரண்டு பக்கமும் நியாயம்தான். கடைக்காரனைக் கேள்வி கேளுங்கள், அதை உடுத்தி நிற்கிற பெண்ணைக் கேட்காதீர்கள்.

நம் பக்கத்திலேயே இதற்குப் பழைய கதை உண்டு. குமரிப் பக்கம் நாடார் பெண்கள் மார்பை மூடும் தோள்சீலை போடக் கூடாது என்று மேல்சாதிக்காரர்கள் தடுத்தார்கள், போட்டவர்களின் சீலையைக் கிழித்தார்கள், 1859இல்தான் திருவிதாங்கூர் அரசு இறங்கி வந்தது. அங்கே மூடுவதற்குப் போராட்டம், டொராண்டோவில் திறப்பதைக் காரணம் காட்டாதே என்று போராட்டம். இரண்டிலும் சண்டை, யார் முடிவெடுப்பது என்பதில்தான்.

சரி, உடைக்கு வருவோம். வாங்கியதும் கண்ணாடி முன் நின்று மட்டும் பார்க்காதீர்கள். நாற்காலியில் உட்காருங்கள், குனிந்து செருப்பைப் போடுங்கள், கையை மேலே தூக்குங்கள், படியேறுங்கள். ராத்திரி முழுக்க இழுத்து இழுத்து விட வேண்டியிருந்தால் அது நீங்கள் விரும்பிய உடை இல்லை. குரூப்பில் நாலு பேர் ஒரே மாதிரி போடலாம் என்று சொல்லி உங்களுக்கு மனசில்லை என்றால், "எனக்கு இது வேண்டாம், நான் வேற போடுறேன்" என்று சொன்னால் போதும், காரணம் சொல்ல வேண்டியதில்லை.

கடையில் வாங்கியே ஆகணும் என்றும் இல்லை. எங்கம்மா கடலில் பாசி எடுக்கப் போவார். சேலைக்கு மேல் அப்பாவின் பழைய முழுக்கைச் சட்டை, கண்ணுக்குக் கண்ணாடி, பாறை கிழிக்காமல் இருக்க ஒவ்வொரு விரலிலும் கிழிந்த துணியைச் சுற்றிப் பல்லால் கடித்து முடிச்சுப் போடுவார். மரிக்கொழுந்துப் பாசி அள்ளும் கை அது. அப்படிப் பாசி எடுக்கும் வீட்டுப் பிள்ளை அந்த வேடத்தில் போய் நின்றால் எனக்கு ரொம்பப் பெருமை.

அப்புறம் போட்டோ. உங்களைக் கேட்காமல் எடுத்தால் அங்கேயே அழிக்கச் சொல்லுங்கள். யாராவது உடையைப் பற்றி அசிங்கமாகப் பேசினால், தொட்டால், அந்த மெசேஜையும் தேதியையும் எடுத்து வையுங்கள். வேலை பார்க்கும் இடத்தில் பெண்களுக்கு நடக்கும் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013 சட்டப்படி, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் உள் புகார்க் குழு இருந்தாக வேண்டும், 3 மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்கலாம். பார்ட்டியில்தானே நடந்தது என்று யாரும் தட்டிக்கழிக்க விடாதீர்கள்.

என் அக்கா மகள் நர்ஸ் உடையை விட்டுவிட்டாள். கறுப்பில் முட்டிக்கு மேலே நிற்கும் ஒரு சூனியக்காரி கவுனை அவளே தேர்ந்தெடுத்து, போட்டோவோடு அனுப்பினாள். "உட்கார்ந்து பார்த்துட்டேன் சித்தி, படியும் ஏறிட்டேன். இதுதான்."