நடுவதற்குக் கூட்டம் வரும், தண்ணீர் ஊற்ற?

நகராட்சிக்குச் சொந்தமான நான்கு ஏக்கரில் ஒரு சிறிய தாவரவியல் பூங்காவை எங்கள் அறக்கட்டளை பராமரிக்கிறது. பதினொரு ஆண்டுகளாக நான் அதன் பொருளாளர். உங்கள் ஊரிலும் இப்படி ஒன்று தொடங்க எண்ணம் இருந்தால், மண்வெட்டிக்கு முன்னால் கணக்குப் புத்தகத்தை வாங்குங்கள்.

முதலில் இடம். நிலம் அவர்களுடையது, பராமரிப்பு நம்முடையது என்று எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும். தண்ணீர் யார் தருவது, மின்கட்டணம் யார் கட்டுவது என்பதும் அதில் இருக்கட்டும். நாங்கள் எழுதாமல் விட்டோம். அலுவலர் மாறுதலாகிப் போனார், அவர் தந்த வாக்கும் கூடவே போனது. அந்தக் கோடை முழுவதும் லாரித் தண்ணீர்தான்.

சங்கமாகப் பதிவு செய்யத் தமிழ்நாட்டில் குறைந்தது ஏழு பேர் வேண்டும். அறக்கட்டளை என்றால் பத்திரம் எழுதிச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதியலாம். பிறகு வருமான வரித்துறையில், நன்கொடையாளருக்கு வரிச்சலுகை கிடைக்கச் செய்யும் பதிவு (80ஜி என்பார்கள்). 2000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்தால் வரிச்சலுகை கிடையாது என்பதை நன்கொடையாளரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் ரசீதோடு சண்டைக்கு வருவார்.

எதற்காகப் பணம் கேட்கிறோம் என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். ஊட்டியில் 1840களில் வெள்ளைக்காரக் குடும்பங்கள் மாதம் மூன்று ரூபாய் சந்தா கட்டிக் காய்கறித் தோட்டம் போட்டன. அது நிலைக்கவில்லை. பொதுப் பூங்கா என்ற எண்ணம் பிறந்து, 1848இல் தோட்டக்கலை வல்லுநர் மெக்ஐவர் பொறுப்பேற்ற பிறகே இன்றைய தாவரவியல் பூங்கா உருவானது. நம் காலத்துச் சிக்கல் வேறு. பிறந்தநாளுக்கு மரம் நட, படம் எடுத்துக்கொள்ள, பத்துப் பேர் வருவார்கள். தோட்டக்காரர் சம்பளத்துக்கு ஒருவரும் தரமாட்டார். அதனால் கன்றுக்கு மட்டும் என்று தனியாக நாங்கள் பணம் வாங்குவதில்லை. கன்று, கூண்டு, மூன்று ஆண்டுத் தண்ணீர்ச் செலவு எல்லாம் சேர்த்து ஒரே தொகை. முகம் சுளிப்பவர் சுளிக்கட்டும்.

அடுத்தது பதிவேடு. அது இல்லாவிட்டால் நீங்கள் வைத்திருப்பது வெறும் பூங்கா. ஒவ்வொரு செடிக்கும் ஓர் எண்: 2016-41 என்றால் அந்த ஆண்டில் வந்த நாற்பத்தொன்றாவது. விதை எந்தக் காட்டில், எந்த நாளில், யார் எடுத்தது என்பதும் பக்கத்திலேயே இருக்க வேண்டும். அந்த எண்ணை அலுமினியத் தகட்டில் பொறித்து, தண்டு பருக்க இடம் விட்டுச் சுருள்கம்பியில் தொங்கவிடுங்கள். ஆணி அடிக்காதீர்கள். நாங்கள் ஒரு மகிழ மரத்தில் பெயர்ப்பலகையை நான்கு ஆணி அடித்துப் பொருத்தினோம். பட்டை அதைக் கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கிவிட்டது. இப்போது 'மகி' மட்டும் வெளியே தெரிகிறது.

நாற்றங்காலை விதைதான் நடத்தும், நம் வசதி அல்ல. ஆனி, ஆடியில் இலுப்பைப் பழம் உதிரும். விதையைக் காயவைத்து டப்பாவில் போட்டால் சில வாரங்களில் முளைப்புத்திறன் போய்விடும். பொறுக்கிய அன்றே சதையைக் கழுவிப் பையில் ஊன்றிவிட வேண்டும். அதற்குப் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளை அழைக்கிறோம். ஒரு மணி நேரத்தில் இரண்டு வாளி நிறைந்துவிடும். கூலி சுண்டல். அதையும் அன்றே எழுதிவிடுவேன்: 'விதை சேகரிப்பு, சுண்டல், 140 ரூபாய்.' தணிக்கையாளர் ஆண்டுதோறும் அந்த வரியில் பேனாவை நிறுத்தி என்னைப் பார்ப்பார்.