நாலு கம்ப்யூட்டர் இருக்கிற ஸ்டுடியோவில் கேப்சர், எடிட், டிரான்ஸ்கோடை எப்படிப் பிரிப்பது

கல்யாண வீடியோ ஆபீஸ் பலவற்றில் நடப்பது இதுதான்: நாலு கம்ப்யூட்டர், நாலு பேர், எல்லாரும் எல்லா வேலையும் செய்வார்கள். ஒருத்தர் எக்ஸ்போர்ட் போட்டால் அவர் மெஷின் அரை நாள் முடங்கிவிடும், புட்டேஜ் இருக்கிற ஹார்ட் டிஸ்க் மேசைக்கு மேசை அலையும். உடனே புது கம்ப்யூட்டர் வாங்கலாம் என்று கிளம்ப வேண்டாம். எந்த வேலை எதனால் தாமதமாகிறது என்று பார்த்துப் பிரித்தால் இருப்பதே போதும்.

கேப்சருக்கு, அதாவது டேப்பில் இருப்பதைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவதற்கு, நல்ல மெஷின் தேவையே இல்லை. ஒரு மணி நேர மினிடிவி டேப்பை ஏற்ற ஒரு மணி நேரம் ஆகும், எவ்வளவு பெரிய பிராசஸர் இருந்தாலும் அதே ஒரு மணி நேரம்தான். ஒரு மணி நேரத்துக்கு சுமார் 13 ஜிபி, அதாவது நொடிக்கு 3.6 எம்பி, இதைப் பழைய டெஸ்க்டாப்பே தாங்கும். டேப் கேமராவை இணைக்கும் ஃபயர்வயர் கார்டு போட ஸ்லாட்டும் அதில்தான் இருக்கும், டிரைவர் தகராறும் பழைய விண்டோஸில் குறைவு (இன்டர்நெட்டை மட்டும் துண்டித்து வையுங்கள்). அந்த மெஷினில் வேறு எதையும் ஓட்டாதீர்கள், டேப் ஓடும்போது டிஸ்க் ஒரு நொடி திணறினாலும் ஃபிரேம் விட்டுப்போகும். கேப்சர் முதலில் அதன் சொந்த டிஸ்க்கிலேயே இறங்கட்டும், முடிந்தபிறகு பொது ஷேருக்கு, அதாவது எல்லா மெஷினும் நெட்வொர்க் வழியாகத் திறக்கிற ஃபோல்டருக்கு, போகட்டும். டிஸ்க்கை ஃபேட்32-இல் ஃபார்மேட் செய்திருந்தால் 4 ஜிபிக்கு மேல் ஒரு கோப்பு எழுத முடியாது, அதையும் முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

அடுத்தது நெட்வொர்க். செலவு செய்வதென்றால் இங்கே செய்யுங்கள். கிகாபிட் ஸ்விட்ச், கேட்5இ அல்லது கேட்6 கேபிள், வைஃபை வேண்டவே வேண்டாம். சரியாக இருந்தால் நொடிக்கு 110 எம்பி வரை காப்பி ஆகும். 11 எம்பியிலேயே நின்றால் எங்கோ லைன் 100 மெகாபிட்டுக்கு இறங்கிவிட்டது என்று அர்த்தம், பெரும்பாலும் கிரிம்ப் சரியில்லாத ஒரு முனையோ மூலையில் கிடந்த பழைய ஸ்விட்சோதான் காரணம். ஷேரில் எல்லா மெஷினுக்கும் யூசர்நேம் பாஸ்வேர்டு கொடுத்துவிடுங்கள், இப்போதைய விண்டோஸ் 11 பாஸ்வேர்டு இல்லாத ஷேரைத் திறக்கப் பெரும்பாலும் மறுக்கும். எல்லா மெஷினிலும் அந்த ஷேருக்கு ஒரே டிரைவ் எழுத்து இருக்க வேண்டும். ஒன்றில் இசட், இன்னொன்றில் ஒய் என்று வைத்தால் ப்ராஜெக்ட்டைத் திறக்கும்போதெல்லாம் மீடியா ஆஃப்லைன் என்று சிவப்பாக நிற்கும்.

எடிட்டிங் வேறு கதை. 100 மெகாபிட் 4கே புட்டேஜ் என்றால் ஒரு கேமராவுக்கு நொடிக்கு 12.5 எம்பி. கணக்குப் பார்த்தால் மூன்று பேர் இரண்டு கேமரா வைத்து வெட்டினாலும் கிகாபிட் லைன் தாங்கும், ஆனால் சுழலும் ஹார்ட் டிஸ்க் தாங்காது, ஆறு இடத்தில் ஒரே நேரத்தில் தேடித் தேடியே மூச்சு வாங்கும். அதனால் ஒரிஜினல் ஷேரில் இருக்கட்டும், ஒவ்வொரு எடிட்டரும் சின்ன ப்ராக்ஸியை (ஒரிஜினலின் தரம் குறைத்த பிரதி) தன் எஸ்எஸ்டியில் வைத்து வெட்டட்டும், கடைசி எக்ஸ்போர்ட்டுக்கு மட்டும் ஒரிஜினலுக்கு மாற்றினால் போதும். எடிட்டிங் மென்பொருள் தற்காலிகக் கோப்புகளைப் போடும் கேஷ் ஃபோல்டரையும் ஷேரில் வைக்காதீர்கள்.

டிரான்ஸ்கோடுதான், அதாவது வீடியோவை வேறு ஃபார்மேட்டுக்கு மாற்றுவதுதான், எல்லா மெஷினும் சேர்ந்து இழுக்க வேண்டிய வேலை. ஒரு கோப்பைத் துண்டு போட்டுப் பிரித்து மறுபடி ஒட்டுவதெல்லாம் தலைவலி, ஒரு மெஷினுக்கு ஒரு முழுக் கோப்பு என்று கொடுங்கள். டிடார் மாதிரி மென்பொருள் இதற்கென்றே இருக்கிறது, வேலையைப் பங்கிட ஒரு சர்வர், மற்றதெல்லாம் அதை வாங்கிச் செய்கிற நோடு. அதுவும் வேண்டாம் என்றால் ஷேரில் ஒரு வரிசை ஃபோல்டர், ஒவ்வொரு மெஷின் பேரிலும் ஒரு ஃபோல்டர், வீடியோவை மாற்றித் தரும் எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச மென்பொருள், ஒரு சின்ன ஸ்கிரிப்ட் போதும். மெஷின் முதலில் வரிசையிலிருந்து கோப்பைத் தன் ஃபோல்டருக்கு நகர்த்த வேண்டும், நகர்த்த முடிந்தால்தான் வேலையைத் தொடங்க வேண்டும். ஒரே டிரைவுக்குள் நகர்த்துவது வெறும் பேர் மாற்றம்தான், 40 ஜிபி ஆனாலும் உடனே முடியும், இரண்டு மெஷின் ஒரே கோப்புக்குப் பாய்ந்தால் ஒன்றுக்குத்தான் கிடைக்கும். ஃபோல்டர் பேர்களை ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல் வையுங்கள்.

இதில் எல்லாரும் மாட்டுகிற இடம் ஒன்று உண்டு. எம்பி4 பாதி காப்பி ஆகும்போதே ஸ்கிரிப்ட் அதைத் தூக்கிவிடும், கோப்பின் உள்ளடக்க அட்டவணை (அதன் பேர்தான் மூவ் ஆட்டம்) வழக்கமாகக் கடைசியில்தான் இருக்கும் என்பதால் ‘மூவ் ஆட்டம் நாட் ஃபவுண்ட்’ என்று சொல்லி நின்றுவிடும். அதனால் காப்பி நடக்கும்போது கோப்புப் பேரின் கடைசியில் ‘பார்ட்’ என்று இருக்கட்டும், முழுதாக வந்தபிறகு அதை எடுத்துவிடுங்கள், பார்ட் என்று இருப்பதை ஸ்கிரிப்ட் தொடவே கூடாது.

செட்டிங்கில் ப்ராக்ஸிக்கு வேகமான ஹார்ட்வேர் என்கோடர்களான என்வென்க், குயிக் சிங்க் எல்லாம் தாராளமாகப் போடலாம், கஸ்டமருக்குப் போகிற கடைசிக் காப்பிக்கு பிராசஸரிலேயே ஓடும் எக்ஸ்264 என்கோடர், சிஆர்எஃப் (தர அளவு, எண் குறைந்தால் தரம் கூடும்) 18 முதல் 20 என்பது என் கட்சி. டேப்பிலிருந்து வந்த படத்தில் ஒவ்வொரு ஃபிரேமும் ஒன்றுவிட்ட கோடுகளாக இரண்டு ஃபீல்டாகப் பிரிந்திருக்கும், அதை எஃப்எஃப்எம்பெக்கின் பிடபிள்யூடிஃப் ஃபில்டரில் டீஇன்டர்லேஸ் செய்து முழு ஃபிரேமாக்குங்கள். மினிடிவி டேப்பில் கீழ் ஃபீல்டுதான் முதலில் வரும், மாற்றிக் கொடுத்தால் தவில்காரர் கை முன்னும் பின்னும் உதறும்.

ராத்திரி வேலையை ஓடவிட்டுப் போவதென்றால் ஸ்லீப்பை அணைத்து, விண்டோஸ் அப்டேட்டைத் தள்ளிப் போட்டு, யூபிஎஸ்ஸில் கம்ப்யூட்டரோடு ஸ்விட்சையும் மாட்டுங்கள். காலையில் வந்து ஒவ்வொரு காப்பியின் நீளமும் ஒரிஜினலோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்தபிறகு வரிசையைக் காலி செய்யலாம், ஒரிஜினலை மட்டும் கஸ்டமர் வாங்கிப் பார்த்து சரி என்று சொல்லும்வரை அழிக்காதீர்கள்.