பழைய மோட்டார்ஹோம் வாங்குகிறீர்களா? மைலை விடுங்கள், ஓதத்தைப் பாருங்கள்

பிரிட்டனில் பழைய மோட்டார்ஹோம், அதாவது படுக்கையும் அடுப்பும் உள்ளேயே இருக்கும் வீட்டு வண்டி, பார்க்கப் போகிற நம்மவர்கள் முதலில் கேட்பது "எத்தனை மைல் ஓடியிருக்கு?" என்றுதான். கார் வாங்கி வாங்கிப் பழகிய கேள்வி அது. பதினைந்து வருஷ வண்டி இருபதாயிரம் மைல்தான் ஓடியிருக்கிறது என்று கேட்டதும் அதிர்ஷ்டம் அடித்த மாதிரி முகம் மலர்ந்துவிடுகிறது. மோட்டார்ஹோமுக்கு அந்தக் கணக்கு சரிவராது. அவ்வளவு குறைவாக ஓடிய வண்டி வருஷத்தில் பத்து மாதம் மழையிலும் பனியிலும் சும்மா நின்றிருக்கிறது என்று அர்த்தம். நிற்கிற வண்டியில் பிரேக் துருப்பிடித்து இறுகும், டயரில் வெடிப்பு விழும், ரப்பர் சீல்கள் காயும், டைமிங் பெல்ட்டுக்கு மைல் ஏறாமலே வயசு ஏறும். எல்லாவற்றையும் விட மோசம், கூரையிலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாக உள்ளே இறங்கும், உள்ளே ஆள் இல்லாததால் யாரும் கவனிக்க மாட்டார்கள்.

அதனால் வண்டி பார்க்கும்போது என் வரிசை தலைகீழ். முதலில் ஓதம் (சுவரிலும் தரையிலும் ஊறிய ஈரம்), அடுத்து தண்ணீர், கேஸ், கரண்ட், அப்புறம் டயர், கடைசியாகத்தான் எஞ்சின். எஞ்சினில் என்ன கோளாறு வந்தாலும் பக்கத்துத் தெரு மெக்கானிக் பார்த்துக்கொள்வார், பார்ட்ஸும் கிடைக்கும். வீட்டுப் பகுதியின் சுவர் உளுத்துப்போனால் அதைப் பிரித்துக் கட்ட ஆள் கிடைப்பதே கஷ்டம்.

அந்தச் சுவர் எப்படிச் செய்யப்பட்டது என்று தெரிந்தால் எங்கே தேடுவது என்பது தானாகப் புரியும். வெளியே அலுமினியம் அல்லது ஃபைபர்கிளாஸ், நடுவே தெர்மாகோல் மாதிரி ஒரு நுரை, உள்ளே மெல்லிய பிளைவுட். இவற்றைத் தாங்க, பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் பெரும்பாலும் மரச்சட்டம். இரண்டு பலகை சேரும் இடத்திலும், சுவரை வெட்டி ஜன்னலோ விளக்கோ பொருத்திய இடத்திலும் மாஸ்டிக் என்னும் அடைப்புப் பசை வைத்து அடைத்திருப்பார்கள். அந்த மாஸ்டிக் வருஷம் போகப் போகக் காய்ந்து வெடிக்கும். ஆகவே கூரை ஜன்னலைச் சுற்றி, ஆனிங் (வெளியே இழுத்து விரிக்கும் நிழல் துணி) மாட்டும் பட்டை ஓரம், பின்பக்க மூலைகள், ஜன்னல்களின் கீழ் ஓரம், டிரைவர் தலைக்கு மேலே இருக்கும் படுக்கையின் முன்பக்கம், இங்கெல்லாம்தான் தேட வேண்டும்.

கதவைத் திறந்ததும் முதல் வேலை மூக்குக்கு. பூஞ்சை வாடை அடித்தால் தெரிந்துவிடும். வாசனை ஸ்ப்ரே தூக்கலாக அடித்தாலும் எனக்குச் சந்தேகம் வரும். மெத்தைகளைத் தூக்குங்கள், அலமாரிகளைக் காலிசெய்யச் சொல்லி உள் மூலைகளைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். ஒரு நண்பருக்காகப் பார்க்கப் போன வண்டியில், பின் படுக்கை மெத்தையைத் தூக்கியபோது மூலையில் சுவர்த்தாள் லேசாகச் சுருங்கியிருந்தது, அவ்வளவுதான். விரலை வைத்து அழுத்தியதும் ஊறிய பிஸ்கட் மாதிரி உள்ளே போனது. வெளியே போய் அதே இடத்தைப் பார்த்தால், மேலே இருந்த சிறிய சிவப்பு விளக்கின் ஒரு திருகிலிருந்து பழுப்பாக ஒரு துருக் கோடு இறங்கியிருந்தது. ஒரே ஒரு திருகு ஓட்டை. அந்த விளக்கைக் கழற்றி மாஸ்டிக் வைத்துத் திரும்ப மாட்ட அரை மணி நேரம்கூட ஆகாது, சில பவுண்டுதான் செலவு. உள்ளே உளுத்த சட்டத்தை வெட்டி எடுத்து, காயவிட்டு, புது மரமும் பிளைவுட்டும் வைக்கச் சில ஆயிரம் பவுண்டு போய்விடும். நண்பர் அந்த வண்டியை வாங்கவில்லை.

கையில் ஒரு ஓதமானி கட்டாயம் இருக்கட்டும், சாதாரண மீட்டர் போதும், விலை அதிகமில்லை. 15 சதவீதத்துக்குக் கீழே காட்டினால் நிம்மதி. 15இலிருந்து 20 வரை காட்டினால் அந்த இடத்தைக் கண்காணிக்க வேண்டும். 20ஐத் தாண்டினால் தண்ணீர் எங்கிருந்தோ வருகிறது, 30ஐத் தாண்டினால் உள்ளே மரம் கெட்டிருக்க நிறைய வாய்ப்பு. வெளியே மூட்டுகளின் மேல் யாராவது சிலிக்கான் பூசி வைத்திருந்தால் உஷாராகுங்கள். கசிவு இருந்தது என்பதற்கு அதுவே சாட்சி, சிலிக்கானின் மேல் வேறு எதுவும் ஒட்டாது, முழுக்கச் சுரண்டி எடுத்த பிறகுதான் சரியான மாஸ்டிக் வைக்க முடியும்.

தரையையும் விட்டுவிடாதீர்கள். வாசற்படி பக்கத்திலும் சிங்க் முன்னாலும் மெதுவாக நடந்து பாருங்கள். பொதபொதவென்று அமுங்கினாலோ கிறீச்சிட்டாலோ தரையின் அடுக்குகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்திருக்கும். ஈரமில்லாத வெறும் பிரிவு என்றால் சிறு துளைகள் போட்டு ரெசின் செலுத்தி இறுக்கிவிடலாம், பெரிய காரியமில்லை. ஈரத்தால் பிளைவுட் உளுத்திருந்தால் ரெசினால் பிரயோஜனமில்லை.

எம்.ஓ.டி. பாஸ் ஆகியிருக்கிறது என்று விற்பவர் காகிதத்தை நீட்டுவார். சந்தோஷம், ஆனால் அந்தச் சோதனை ரோட்டில் ஓடத் தகுதியா என்பதை மட்டும்தான் பார்க்கும். கேஸ் அடுப்பையும் ஹீட்டரையும் சுவர் ஈரத்தையும் அதில் யாரும் பார்ப்பதில்லை. அதற்கு ஹாபிடேஷன் செக் என்று தனிச் சோதனை இருக்கிறது, வருஷா வருஷம் செய்த ரசீதுகளைக் கேளுங்கள், முந்தைய ஓத அளவுகளும் அதில் இருக்கும். அதற்காக எம்.ஓ.டி. வரலாற்றை ஒதுக்க வேண்டாம். நம்பர் பிளேட் எண்ணைப் போட்டால் அரசாங்கத் தளத்தில் இலவசமாகவே கிடைக்கும். பிரேக் பைப்பில் துரு, டயரில் வெடிப்பு என்று மூன்று நான்கு வருஷமாக ஒரே எச்சரிக்கை திரும்பத் திரும்ப வந்திருந்தால் வண்டியை எப்படிப் பராமரித்தார்கள் என்பது விளங்கிவிடும். வண்டியின் மேல் லோன் பாக்கி இருக்கிறதா என்பதையும் காசு கொடுத்துச் சரிபார்த்துவிடுங்கள்.

லைசென்ஸ் விஷயம் நம் வீடுகளில் ஒரு விசித்திரமான நிலைமையை உண்டாக்கியிருக்கிறது. 1997 ஜனவரி 1க்கு முன்பே இங்கே கார் டெஸ்ட் பாஸானவர்களுக்கு சி1 வகையும் சேர்ந்து கிடைத்தது, சுமையோடு சேர்த்து 7500 கிலோ வரை உள்ள வண்டியை ஓட்டலாம். அதற்குப் பிறகு பாஸானவர்களுக்குச் சாதாரண கார் லைசென்ஸில் 3500 கிலோதான். எண்பதுகளில் வந்த அப்பா ஓட்டக்கூடிய வண்டியை இங்கேயே வளர்ந்த மகன் ஓட்ட முடியாது. அப்பாவுக்கும் 70 வயதில் மருத்துவச் சான்று கொடுத்துப் புதுப்பிக்காவிட்டால் அந்த சி1 போய்விடும். 3500 கிலோ வண்டியாகவே பார்த்து வாங்கினாலும் வேறொரு சிக்கல் உண்டு. வண்டியே கிட்டத்தட்ட மூன்று டன் இருக்கும். தண்ணீர்த் தொட்டியில் 100 லிட்டர் பிடித்தால் 100 கிலோ, நாலு பேர், சைக்கிள், அரிசி பருப்பு பாத்திரம் என்று ஏற்றினால் அளவு தாண்டிவிடும். வாங்குவதற்கு முன் எடை மேடையில் ஏற்றிப் பார்ப்பது நல்லது.

லண்டனில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. 2023 ஆகஸ்ட் 29இலிருந்து யூலெஸ், அதாவது அதிகம் புகை விடும் வண்டிகளுக்குக் கட்டணம் போடும் திட்டம், நகரம் முழுக்க வந்துவிட்டது. யூரோ 6 என்னும் புகைத் தரம் இல்லாத, 3500 கிலோ வரை உள்ள டீசல் வண்டியை ஹாரோவிலோ ஈஸ்ட் ஹாமிலோ வீட்டு வாசலிலிருந்து எடுக்கிற ஒவ்வொரு நாளும் 12.50 பவுண்டு. மலிவாகக் கிடைக்கிற பழைய மோட்டார்ஹோம்களில் பெரும்பாலானவை யூரோ 6க்கு முந்தியவை. விலையைப் பேசும்போதே இதைக் கணக்கில் எடுங்கள்.

சரி, உள்ளே இருக்கும் சாமான்கள். விற்பவர் சொல்வதை நம்பாமல் ஒவ்வொன்றையும் கண்முன்னே ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். "இப்போ கேஸ் இல்லை, ஆனா நல்லா வேலை செய்யும்" என்றால் கேஸ் வாங்கி வைக்கச் சொல்லிவிட்டு இன்னொரு நாள் போங்கள். தொட்டியில் தண்ணீர் நிரப்பி பம்ப்பைப் போட்டு, குழாய்களை மூடிவிட்டு அமைதியாகக் கேளுங்கள். பம்ப் நின்றுவிட வேண்டும். யாரும் குழாயைத் தொடாமலே சில நிமிஷத்துக்கு ஒருமுறை 'டக்' என்று ஓடினால் எங்கோ இணைப்பில் கசிகிறது, அந்தத் தண்ணீரும் தரைக்குள்தான் போகும். வெந்நீர்க் கொதிகலனைக் குளிர்காலத்தில் வடிக்காமல் விட்டிருந்தால் உள்ளே தண்ணீர் உறைந்து தொட்டி பிளந்திருக்கலாம். ட்ரூமா கம்பெனியின் ஹீட்டர்கள் பலவற்றில் சுமார் 3 டிகிரிக்குக் குளிர்ந்தால் தானாகத் திறந்து தண்ணீரைக் கொட்டும் ஒரு வால்வு இருக்கும், அதையும் பாருங்கள், குளிர்நாளில் தண்ணீர் நிற்கவில்லையே என்று பதறவும் வேண்டாம். ஃபிரிட்ஜ் கேஸிலும் கரண்டிலும் ஓடுகிற வகை. குளிர மணிக்கணக்காகும் என்பதால் முந்தின நாள் இரவே போட்டு வைக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் அம்மோனியா நெடி அடித்தால் அதன் குளிரூட்டும் பகுதி ஓட்டை, அந்த ஃபிரிட்ஜின் கதை முடிந்தது.

டயரில் பட்டன் ஆழமாக இருக்கும், பார்க்கப் புதுசு மாதிரி தெரியும். பக்கவாட்டில் இருக்கும் நாலு இலக்கத்தைப் படியுங்கள். 2316 என்றால் 2016இன் 23ஆவது வாரத்தில் செய்தது. ஆறேழு வருஷம் தாண்டிய டயரோடு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு மோட்டார்வேயில் போவதை நான் ஒப்பவே மாட்டேன்.

எஞ்சினை நீங்கள் போகும்வரை ஸ்டார்ட் செய்யக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், ஆறிய எஞ்சின்தான் உண்மை பேசும். டைமிங் பெல்ட் மாற்றிய பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். 2006க்குப் பிந்தைய ஃபியட் டுகாட்டோ, பெஜோ பாக்ஸர் வண்டிகளில் முன்கண்ணாடிக்குக் கீழே தேங்கும் மழைத்தண்ணீர் எஞ்சின் மேல் சொட்டுவது பரவலாகத் தெரிந்த விஷயம், பானெட்டைத் திறந்து இன்ஜெக்டர்களைச் சுற்றித் துரு இருக்கிறதா பாருங்கள். அந்த வரிசையின் ஆரம்ப வண்டிகளை ஒரு மேட்டில் ரிவர்ஸில் ஏற்றியும் பார்க்க வேண்டும், அதிர்ந்தால் விட்டுவிடுங்கள்.

இத்தனையும் பார்த்து வாங்கினாலும் செலவு வரும். கையில் இருக்கும் பணம் முழுவதையும் விலைக்கே கொடுத்துவிடாமல், பத்திலிருந்து பதினைந்து சதவீதத்தைத் தனியாக வைத்துவிடுங்கள் என்பேன். பெல்ட், டயர், உள் பேட்டரி, கேஸ் ஹோஸ், ரெகுலேட்டர் எல்லாம் முதல் வருஷமே கேட்கும். கார்பன் மோனாக்சைடு அலாரத்தின் காலாவதித் தேதியை வண்டி வந்த அன்றைக்கே பாருங்கள், தாண்டியிருந்தால் புதுசு மாட்டாமல் ஓர் இரவுகூட உள்ளே தூங்க வேண்டாம்.

அப்புறம் ஒரு தாளில் வண்டியின் படத்தைக் கோடாக வரைந்து, ஓதமானி காட்டிய எண்களை அந்தந்த மூலையில் எழுதி வையுங்கள். ஒவ்வொரு வசந்தத்திலும் அதே இடங்களில் திரும்ப அளந்து பாருங்கள். எந்த எண் ஏறியிருக்கிறதோ, அந்த மூலைக்கு மேலே இருக்கும் விளக்கையோ பட்டையையோ அந்தக் கோடைக்குள் கழற்றி, பழைய மாஸ்டிக்கைச் சுரண்டிப் புதுசு வைத்துவிடுங்கள்.