நடனம் ஆடுகிற பிள்ளையை நடனம் அமைக்கவும் விடுங்கள்

ஐரோப்பிய பலே நடனமோ பரதமோ, நடனம் அமைப்பதும் பெண் பிள்ளைகளின் கைக்கு வரவேண்டும். 1920களிலேயே பாரிசில் புரொனிஸ்லாவா நிஜின்ஸ்கா என்ற பெண் நடனக் கலைஞர் பலே அமைத்துக் காட்டினார்.

பாடசாலைத் தமிழ்த்தினப் போட்டி என்றால் ஆசிரியரே முழுவதையும் பழக்கிவிடுவது வன்னியிலும் வழக்கம். அதற்கு முன்னர் 14, 15 வயதுப் பிள்ளையிடம் ஆதி தாளத்தில் 4 ஆவர்த்தனம் (தாளச் சுற்று), சுற்றுக்கு 8 எண்ணிக்கைப்படி அதாவது 32 அட்சரம் மட்டும் அமைக்கக் கொடுங்கள். ஆட மூன்று பேர், தாளத்துக்குத் தட்டுக்கழி. பாட்டு வேண்டாம்.

கரு வயலிலேயே இருக்கிறது. அருவி வெட்டும்போது, அதாவது நெல் அறுக்கும்போது, இடக்கை தாளைப் பிடிக்கும், வலக்கை அரிவாளை இழுக்கும், குனிந்தபடியே கால் ஒரு அடி முன்னேறும். இதை 4 அட்சர அசைவாக்கி, முதல் ஆவர்த்தனத்தில் ஒருவர், அடுத்ததில் மூவரும், மூன்றாவதில் ஒருவருக்கு ஒருவர் 2 அட்சரம் பிந்தி ஆடட்டும்.

பிழைப்பது இடம் மாறும்போதுதான். கடைசி அட்சரத்தில் ஓடி முட்டுவார்கள். நாலாவது ஆவர்த்தனத்தில் 4 அட்சரத்தை இடமாற்றத்துக்கே ஒதுக்கி, முற்றத்தில் பாதையைக் கீறிவிடுங்கள்.

ஒத்திகையை முன்னாலிருந்து போனில் எடுத்தால், யார் யாரை மறைக்கிறார்கள் என்பதை நடனம் அமைக்கிற பிள்ளை தானே காண்பாள். உடனே திருத்தப் போகாதீர்கள். "இதில எதை மாத்துவாய், பிள்ளை?" என்று கேளுங்கள். நிகழ்ச்சி நிரலில் 'நடன அமைப்பு' என்ற இடத்தில் அவள் பெயர் கட்டாயம் இருக்கட்டும்.