துனிசியாவைப் பற்றிப் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இஸ்லாமும் ஜனநாயகமும் ஒத்துப்போகுமா என்று பேச்செடுத்தாலே, ஆளுக்கொரு வசனத்தோடு வந்துவிடுகிறார்கள். முதல் தவறு அதுதான். ஒரே குர்ஆனை ஓதும் நாடுகளில் மன்னராட்சியும் இருக்கிறது, ராணுவ ஆட்சியும் இருக்கிறது, தேர்தலும் நடக்கிறது. யார் யாரோடு பேரம் பேசினார்கள், எதை விட்டுக்கொடுத்தார்கள் என்று பார்த்தால்தான் விஷயம் பிடிபடும்.

வட ஆப்பிரிக்க நாடான துனிசியாவில் 2011 அக்டோபரில் நடந்த தேர்தலில் இஸ்லாமியக் கட்சியான அந்நஹ்தா 217 இடங்களில் 89-ஐப் பிடித்தது. தனிப் பெரும்பான்மை இல்லாததால் இரண்டு மதச்சார்பற்ற கட்சிகளோடு கூட்டணி வைத்தது. அரசியல் சாசனத்தில் ஷரியத்தை, அதாவது இஸ்லாமியச் சட்டத்தை, சேர்க்கக் கேட்கப்போவதில்லை என்று 2012 மார்ச்சில் அறிவித்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் வந்த சாசன வரைவு, குடும்பத்தில் பெண் ஆணுக்குத் துணை என்ற பொருளில் பேசியது. பெண்கள் தெருவில் இறங்கினார்கள். 2014 ஜனவரியில் நிறைவேறிய சாசனத்தில் அந்த வரி இல்லை. ஆணும் பெண்ணும் சமம் என்றே இருந்தது.

இதை வைத்து அந்நஹ்தாவுக்கு ஜனநாயகச் சான்றிதழ் கொடுத்துவிடுவதும் தவறுதான். 2013-இல் எதிர்க்கட்சித் தலைவர்கள் இருவர் சுட்டுக்கொல்லப்பட்டபின் நாடு கொதித்தது. தொழிற்சங்கக் கூட்டமைப்பு உள்ளிட்ட நான்கு அமைப்புகள் நடுவில் நின்று பேசித்தான் கட்சி ஆட்சியை விட்டு இறங்கியது. அதே ஆண்டு ஜூலையில்தான் எகிப்தில் இஸ்லாமிய இயக்கத்திலிருந்து வந்த அதிபர் முர்சியை ராணுவம் கவிழ்த்திருந்தது. அந்தப் பயமும் வேலை செய்திருக்கும் என்பது என் எண்ணம்.

அப்புறம், ஜனநாயகம் சரிந்தால் உடனே மதத்தின் மேல் பழிபோடும் பழக்கம். 2021 ஜூலை 25 அன்று நாடாளுமன்றத்தை முடக்கிய அதிபர் கைஸ் சயீத் எந்த இஸ்லாமியக் கட்சியையும் சேர்ந்தவர் அல்ல. அரசியல் சாசனச் சட்டம் கற்பித்தவர். வேலையின்மையிலும் கொரோனாவிலும் நொந்துபோயிருந்த மக்களில் பலர் அதைக் கொண்டாடவே செய்தார்கள். வேடிக்கை என்னவென்றால், இஸ்லாத்தின் நோக்கங்களை நிறைவேற்றுவது அரசின் பொறுப்பு என்ற விதி அவருடைய 2022 சாசனத்தில்தான் வந்தது.

அரபு நாடுகளை மட்டும் பார்த்து முடிவெடுப்பது இன்னொரு தவறு. உலகிலேயே முஸ்லிம்கள் மிக அதிகமாக வாழும் நாடுகளில் ஒன்றான இந்தோனேசியாவில், ஷரியத் விதியைச் சாசனத்தில் சேர்க்க 2002-இல் ஒரு முயற்சி நடந்தது. நஹ்லதுல் உலமா, முஹம்மதியா என்ற அங்குள்ள இரண்டு பெரிய முஸ்லிம் அமைப்புகளே எதிர்க்க, முயற்சி தோற்றது.