கன்று நடும் முன் நிலத்தைப் பாருங்கள்: பெங்களூரில் காட்டுப் பணிக்கு வருவோர் செய்யும் தவறுகள்

ஜூன் மாத மழை இரண்டு நாள் பெய்தால் போதும், எங்கள் வாட்சப் குழுவில் ஒரே கேள்வி வந்துவிடும்: "இந்த வருஷம் எங்கே கன்று நடுறோம்?" எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்க்கும் பிள்ளைகள், அல்சூரில் மூன்று தலைமுறையாக இருக்கும் குடும்பங்கள், ஓய்வு பெற்ற பெரியவர்கள் என்று ஞாயிற்றுக்கிழமை காலை எல்லாரும் மண்வெட்டியோடு வந்து நிற்பார்கள். அந்த அக்கறையை நான் மதிக்கிறேன். ஆனால் நல்லெண்ணத்தோடு செய்கிற சில வேலைகள் காட்டுக்கே கெடுதலாக முடிவதைப் பல வருஷமாகப் பார்த்து வருகிறேன். அவற்றில் பெரிய தவறை நானே செய்திருக்கிறேன் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

ஆனேக்கல் தாலுகாவில் ஒரு கோமாளம். ஊர்ப் பொது மேய்ச்சல் நிலத்தைக் கன்னடத்தில் அப்படித்தான் சொல்வார்கள். இடுப்பளவு புல், அங்கங்கே பாறை, நான்கைந்து வேலமரம். "சும்மா கிடக்கிறது" என்று முடிவு கட்டி வரிசை வரிசையாகக் குழி வெட்டினோம். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், ஓசூர்ப் பக்கத்துத் தமிழர், கிட்டே வந்து கேட்டார்: "தம்பி, இதெல்லாம் மரமாயிட்டா ஆடு எங்க மேயும்? புல்லுக்குள்ள முட்டை வைக்குதே, அந்தக் குருவி எங்க போகும்?" நான் அவருக்கு மரத்தின் பெருமையைப் பாடமாக எடுத்தேன். அவர் ஒன்றும் சொல்லாமல் ஆட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். அன்றைக்கு அங்கே கேட்கப்பட்ட ஒரே சரியான கேள்வி அவருடையதுதான் என்பது எனக்குப் புரிய நான்கு வருஷம் ஆனது.

புல்வெளி என்பது மரம் வெட்டப்பட்டு மொட்டையான காடு என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். தக்காணத்தின் பல இடங்களில் அது உண்மையல்ல. மழை குறைவு, மண் ஆழம் குறைவு, அவ்வப்போது தீ, இடைவிடாத மேய்ச்சல். இவற்றோடு சேர்ந்தே நெடுங்காலமாக உருவானவை இந்தப் புல்வெளிகள். இங்குள்ள புற்களில் பெரும்பாலானவை வெயிலைக் குடித்து வளர்பவை. மேலே நிழல் மூடினால் நாளடைவில் செத்துவிடும். அவை சேமித்து வைக்கும் கரியில் (கார்பனில்) பெரும்பகுதி மண்ணுக்கடியில், வேரில் இருக்கிறது. குழி வெட்டிப் புரட்டும்போது முதலில் கலைவதும் அதுதான்.

நகருக்கு வடமேற்கே ஹெசரகட்டாவுக்கு டிசம்பர் மாதத்தில் ஒரு மாலை போய்ப் பாருங்கள். சுமார் 5,000 ஏக்கர் பரப்பு. மத்திய ஆசியாவிலிருந்து வரும் பூனைப்பருந்துகள் புல் நுனியை உரசுவதுபோலத் தாழப் பறந்து இரை தேடும். இருட்டியதும் புல்லுக்குள் தரையிலேயே படுத்துறங்கும். வானம்பாடி தரையில்தான் கூடு கட்டும். கௌதாரியும் அப்படியே. இவற்றுக்கு நாம் நட்டுத் தரும் மரம் வீடு ஆகாது.

இந்தக் குழப்பத்துக்கு வேர் ஒரு சொல்லில் இருக்கிறது. வரி வராத நிலத்தை வெள்ளைக்காரன் ஆட்சி தரிசு என்று எழுதி வைத்தது. இன்றைக்கும் அரசு வெளியிடும் தரிசு நில வரைபடத் தொகுப்பில் புதர்க்காடும் புல்வெளியும் தரிசுக் கணக்கில் வருகின்றன. ஆனால் மைசூர் அரசர்கள் அமிர்தமஹால் இன மாடுகளுக்கென்று ஒதுக்கிக் காத்த புல்வெளிகளுக்குப் பெயர் 'காவல்'. நம் மரபையும் பாருங்கள்: காடும் காடு சார்ந்த இடமும் முல்லை, அங்கே வாழ்பவர் ஆயர், தொழில் ஆநிரை மேய்த்தல், விளைவது வரகு. அடர்ந்த மரக்கூட்டத்துக்குள் ஆநிரை மேயாது, வரகும் விளையாது. கொங்கு நாட்டில் இன்றும் மானாவாரி நிலத்துக்குப் போகிறவர் "காட்டுக்குப் போறேன்" என்றுதான் சொல்கிறார். மரம் அடர்ந்திருந்தால்தான் காடு என்று நினைப்பது பிற்காலத்தில் நமக்கு வந்த பழக்கம்.

நீலகிரியில் இதன் விலையைக் கண்ணால் பார்க்கலாம். வரையாடு மேய்ந்த மலைப் புல்வெளிகளில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சீகை மரத்தையும் தைல மரத்தையும் நட்டார்கள். இன்று சீகையை வெட்டினாலும், மண்ணில் கிடக்கும் அதன் விதைகள் அடுத்த மழையில் பாய் விரித்தாற்போல் முளைக்கின்றன.

அதற்காக எங்குமே நடக்கூடாது என்று சொல்லவில்லை. பெங்களூரைச் சுற்றியுள்ள ஊர்களில் குண்டுத்தோப்பு என்ற பொதுத்தோப்புகள் இருந்தன; மா, நாவல், புளி, ஆல் என்று பெரிய மரங்கள். பல இடங்களில் ரோடும் கட்டடமும் அவற்றைத் தின்றுவிட்டன. மிச்சம் உள்ள தோப்பின் இடைவெளிகளில் அதே மரங்களை நடுவது அருமையான வேலை. தைல மரம் நட்டுச் சோர்ந்துபோன நிலமும் அப்படித்தான். எது எந்த வகை நிலம் என்று கண்டுபிடிக்க அக்டோபர் மாதம் ஒருமுறை போய்த் தரையில் உட்கார்ந்து பாருங்கள். ஒரு சதுர மீட்டருக்குள் எத்தனை வகைப் புல், எத்தனை வகைப் பூச்செடி என்று எண்ணுங்கள்; பல வகை இருந்தால் அது பழைய புல்வெளியாக இருக்கலாம். வெட்டிய மரங்களின் பழைய அடிக்கட்டைகள் இருக்கின்றனவா என்று தேடுங்கள்; இருந்தால் அங்கே முன்பு மரங்கள் நின்றிருக்கின்றன. கட்டாயம், மேய்ப்பவரிடம் கேளுங்கள்.

சுத்தம் செய்கிறேன் என்று

நடுவதற்கு அடுத்தபடியாக நமக்குப் பிடித்த வேலை சுத்தம் செய்வது. பட்ட மரத்தை வெட்டுவது, கொடியை அறுப்பது, சருகைக் கூட்டி எரிப்பது. பட்ட மரப் பொந்து கிளிக்கும் ஆந்தைக்கும் பனங்காடைக்கும் பிள்ளை பெறும் வீடு. ஆள் நடமாட்டமுள்ள பாதையில் விழக்கூடியது என்றால் வெட்டத்தான் வேண்டும்; மற்றபடி விட்டுவிடுங்கள்.

தேவாங்கை எடுத்துக்கொள்ளுங்கள். திண்டுக்கல், கரூர் மாவட்டங்களில் கடவூரில் 2022-இல் அதற்கென்றே சரணாலயம் அறிவித்தபோது நாம் எல்லாரும் மகிழ்ந்தோம். அதே விலங்கு பெங்களூரில், இந்திய அறிவியல் கழக (ஐ.ஐ.எஸ்சி.) வளாகம் போன்ற பழைய மரங்கள் உள்ள இடங்களிலும் வாழ்கிறது என்பது பலருக்குத் தெரியாது. அது குரங்கைப்போலத் தாவாது. கிளையைப் பிடித்துப் பிடித்து மெல்ல நகரும். ஆகவே ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்குக் கிளையோ கொடியோ தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். மின்கம்பிக்காகக் கிளையைக் கழிக்கும்போது நடுவில் விழும் சிறு இடைவெளிகூட அதற்கு ஆற்றைப்போல. பார்த்துவிட்டால் படத்தை இடம் குறித்து இணையத்தில் போடாதீர்கள். மாந்திரீகத்துக்கும் நாட்டு மருந்துக்கும் என்று அதைப் பிடித்து விற்பவர்களும் அந்தப் பதிவைப் படிப்பார்கள்.

அகற்றியே தீரவேண்டிய செடி ஒன்று உண்டு: உண்ணிச்செடி (லண்டானா). அதிலும் அரிவாளால் தரைக்கு மேலே வெட்டுவது வீண். முன்னைவிட அடர்த்தியாகத் துளிர்க்கும். மண்ணுக்குள் மூன்று முதல் ஐந்து செ.மீ. ஆழத்தில் ஆணிவேரை வெட்டி, செடியைத் தலைகீழாக நிறுத்த வேண்டும், அதுவும் காய் பிடிக்கும் முன்பே. பறவைகள் விதை போடுவதால் அடுத்த இரண்டு மூன்று வருஷமும் திரும்பி வந்து புதிதாக முளைத்த உண்ணிச்செடிக் கன்றுகளைப் பிடுங்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமையோடு முடியாது.

இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பிளிகிரிரங்கன் மலையில் வாழும் சோளிகர் பழங்குடியினர், கோடையின் தொடக்கத்திலேயே சருகுக்கு மட்டும் மெல்லிய தீ வைப்பதை வழக்கமாக வைத்திருந்தார்கள். அதைத் தடை செய்த பிறகுதான் உண்ணிச்செடி பெருகியது என்பது அவர்கள் அனுபவம். அந்த மலையில் ஆய்வு செய்தவர்களும் இதைப் பதிவு செய்திருக்கிறார்கள். நாம் போய்த் தீ வைக்க வேண்டும் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அது சட்டப்படி குற்றம், ஆபத்தும்கூட. ஆனால் தீ என்றாலே அழிவு என்று அந்த மக்களுக்கு வகுப்பெடுக்காமல் இருக்கலாம்.

எண்ணுவதில் வரும் தவறுகள்

நட்ட அன்று போட்டோ எடுத்து எண்ணிக்கை போடுகிறோம். இரண்டு கோடை கழித்து எத்தனை நிற்கிறது என்று யாரும் போய்ப் பார்ப்பதில்லை. பார்த்தாலும் நிற்பதை மட்டும் எண்ணுகிறோம். எத்தனை நட்டோம் என்ற குறிப்பு எங்கோ தொலைந்திருக்கும். பக்கத்தில் நடாமல், ஆனால் அதேபோல் வேலி போட்டு, ஒரு துண்டை விட்டு வையுங்கள். வேலி மட்டும் போட்ட இடத்தில் தானாகவே அத்தனை செடி முளைத்திருந்தால், நம் பணமும் உழைப்பும் வேலியில்தான் பலன் தந்தன, கன்றில் அல்ல. இந்த ஒப்பீடு இல்லாத எந்த வெற்றிக் கதையையும் நான் நம்புவதில்லை.

மரம் அளப்பதில் அடிக்கடி பார்க்கும் பிழை, சுற்றளவையும் விட்டத்தையும் குழப்புவது. டேப்பைச் சுற்றிப் படித்தால் வருவது சுற்றளவு. 94 செ.மீ. சுற்றளவுள்ள மரத்தின் விட்டம் ஏறக்குறைய 30 செ.மீ. இந்த 94-ஐ விட்டம் என்ற கட்டத்தில் எழுதிவிட்டால், அடிப்பரப்பு (தண்டின் குறுக்குவெட்டுப் பரப்பு) கிட்டத்தட்டப் பத்து மடங்காகிவிடும். அதிலிருந்து போடும் கரிக் கணக்கு முழுவதும் பாழ். தரையிலிருந்து எந்த உயரத்தில் டேப்பைச் சுற்றுகிறோம் என்பதும் முக்கியம். சூழலியல் ஆய்வாளர்கள் 1.3 மீட்டரில் அளப்பார்கள்; வனத்துறைக் கணக்கில் நாலரை அடி, அதாவது 1.37 மீட்டர். எதை எடுத்தாலும் சரி, அதை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி, மரத்திலும் பெயிண்டால் கோடு போட்டு வையுங்கள். சரிவில் நிற்கும் மரத்தை மேட்டுப் பக்கம் நின்று அளக்க வேண்டும்.

இதெல்லாம் நுணுக்கமாகத் தோன்றினால் முதுமலையை நினைத்துக்கொள்ளுங்கள். பெங்களூர் ஐ.ஐ.எஸ்சி. ஆய்வாளர்கள் 1988-இல் அங்கே 50 ஹெக்டேர் காட்டை எல்லை பிரித்து, ஒரு செ.மீ. விட்டத்துக்கு மேற்பட்ட ஒவ்வொரு மரத்துக்கும் எண் கொடுத்து அளக்கத் தொடங்கினார்கள். அதே மரத்தை, அதே உயரத்தில், ஆண்டுக்கணக்காகத் திரும்பத் திரும்பப் பார்த்ததால்தான் எது தீயில் சாகிறது, எதை யானை முறிக்கிறது, மழை பொய்த்தால் எது தாங்குகிறது என்று இன்று நிச்சயமாகப் பேச முடிகிறது.

விலங்குக் கணக்கிலும் இதே கதை. காட்டில் கட்டி வைத்த தானியங்கிக் கேமராவில் பத்துப் படம் விழுந்தால் பத்துச் சிறுத்தை என்று அர்த்தமில்லை; ஒரே சிறுத்தை பத்து முறை நடந்திருக்கலாம். புள்ளிகளை ஒப்பிட்டுத்தான் ஆளைப் பிரிக்க வேண்டும். 1990-களில் நாகரஹொளேயில் புலி ஆய்வாளர் உல்லாஸ் கரந்த் புலியின் வரிகளை வைத்து இதைத்தான் செய்தார். காலடித் தடத்தை எண்ணியே ஓட்டிய காலத்தில், கணக்கேட்டில் புலிகள் இருந்தபோதே ராஜஸ்தானின் சரிஸ்கா காட்டில் அவை தீர்ந்துபோயின; 2005 வாக்கில்தான் நாட்டுக்கே அது தெரிந்தது.

"பிடித்துக் காட்டில் விடுங்கள்"

சிறுத்தை தெரிந்ததும் எல்லார் வாயிலும் வரும் வார்த்தை இது. மகாராஷ்டிராவில் ஜுன்னர் பகுதியில் 2000-களின் தொடக்கத்தில் அப்படிப் பிடித்துப் பிடித்து வேறு காடுகளில் விட்டார்கள். மனிதர்மேல் தாக்குதல் குறையவில்லை, கூடியது. காட்டுயிர் ஆய்வாளர் வித்யா ஆத்ரேயாவின் ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. தெரியாத இடத்தில் விடப்பட்ட சிறுத்தை தன் இடத்தைத் தேடி ஊர்கள் வழியே நடக்கும். நம் ஊரிலும் 2016 பிப்ரவரியில் ஒயிட்ஃபீல்டு பக்கம் ஒரு பள்ளிக்குள் சிறுத்தை நுழைந்தபோது, பிடிக்கும் முயற்சியில் சிலர் காயம்பட்டார்கள். வேடிக்கை பார்க்கப் போகாமல் இருப்பதே அந்த நேரத்தில் நாம் செய்யும் உதவி. பாம்பும் அப்படித்தான், எங்கோ தூரத்துக் காட்டில் கொண்டுபோய் விட்டால் அது பிழைப்பது கடினம்.

யானையைப் பற்றிக் கடைசியாக ஒன்று. பன்னேர்கட்டா தேசியப் பூங்கா சுமார் 260 சதுர கிலோமீட்டர். வரைபடத்தில் அதைத் தனித்தீவுபோலப் பார்ப்பது தவறு. தெற்கே தளி, ஜவளகிரி வழியாக அது தமிழ்நாட்டின் காவிரி வடக்குச் சரணாலயத்தைத் தொடுகிறது. கேழ்வரகு கதிர் முற்றும் நவம்பர், டிசம்பரில் யானைகள் இந்த இரு மாநில வயல்களிலும் இரவில் இறங்கும். அந்த வழியில் நாம் வாங்கும் வார இறுதி மனை, அதைச் சுற்றிப் போடும் சுவர், வாசலில் எரியவிடும் பெரிய விளக்கு எல்லாமே அவற்றைப் பக்கத்து விவசாயியின் வயலுக்குத் திருப்பிவிடும். மனை பார்க்கப் போகிறவர்கள் தரகரிடம் விலை கேட்பதற்கு முன், அந்த ஊர் டீக்கடையில் போன கார்த்திகையில் யானை எந்தப் பக்கமாக வந்தது என்று கேளுங்கள்.